இடது பக்கம் திரும்பினால் ஒரு சத்தம்

எனக்குக் காது கூர்மை என்று ஒரு திமிர் உண்டு. விருத்தாசலம் செராமிக் பேட்டையில் நானும் என் வீட்டுக்காரரும் இருபது வருஷத்துக்கு மேலாகப் பீங்கானில் ஃபியூஸ் கட்டை செய்யும் ஷெட் ஒன்றை நடத்துகிறோம். சூளையிலிருந்து இறக்கிய சரக்கைத் தட்டிப் பார்த்துப் பிரிப்பது என் வேலை. ஒன்றைக் கையில் எடுத்து இன்னொன்றால் லேசாகத் தட்டினால், நல்ல பீங்கான் கிண்ணென்று சொல்லும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போய் வரும். போனில் பேசிக்கொண்டே தட்டுவேன், வேலையாட்களைத் திட்டிக்கொண்டே தட்டுவேன், விரிசல் விழுந்த கட்டை ஒன்றுகூட என் கையைத் தாண்டிப் போனதில்லை. இப்படிப்பட்ட காதை வைத்துக்கொண்டுதான் ஏமாந்தேன். அதனால் இதை எழுதும்போதும் எரிச்சல் அடங்கவில்லை.

பக்கத்து ஷெட் ஒரு அக்காவுடையது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பொம்மையும் அகல்விளக்கும் செய்கிறார். வீட்டுக்காரர் இறந்தபிறகு தனியாளாகவே நடத்தினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயிலிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்துதான் காப்பி குடிப்பார், முக்காடுகூட எடுத்திருக்க மாட்டார். என் சூளை நிரம்பாத நாளில் அவருடைய பொம்மைகள் என் ஃபியூஸ் கட்டைகளுக்கு மேல்தட்டில் உட்கார்ந்து வேகும். அவர் சூளையில் இடம் இருந்தால் என் சரக்கு அங்கே போகும். எத்தனை போனது, எத்தனை வந்தது என்று இரண்டு பேரும் ஒரு நாளும் எண்ணியதில்லை. பேட்டையில் எங்களைக் கேலி செய்வார்கள், ரெண்டு ஷெட்டுக்கும் ஒரே போர்டு மாட்டிவிடலாமே என்று.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில், சூளைக்குச் சரக்கு அடுக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். வாய் ஒரு பக்கம் கோணியது. நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அக்காதான் தன் எலக்ட்ரிக் காரை ஷெட்டுக்குள் வரைக்கும் கொண்டுவந்து, நாலு பேரை விட்டு அவரைத் தூக்கிப் படுக்க வைத்து, பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி வரைக்கும் தானே ஓட்டினார். வழி முழுக்க ஜெபம் சொல்லிக்கொண்டே வந்தார். நேரத்தோடு வந்ததால்தான் பிழைத்தார் என்று டாக்டர் சொன்னார். அவருக்கு வலது கையும் வலது காலும் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை, பேச்சு ஒவ்வொரு வார்த்தையாக வருகிறது. ஆனால் இருக்கிறார். அது அக்காவும் அந்தக் காரும் செய்தது. இதை நான் மறந்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

போன தை மாதம் அக்கா காரை விற்கப் போவதாகச் சொன்னார். கண்ணில் புரை, இனிமேல் ஓட்ட முடியாது என்றார். நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் என் வீட்டுக்காரரை டவுனுக்குப் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போக வேண்டும். ஷேர் ஆட்டோவில் தூக்கித் தூக்கிப் போட்டால் அவருக்குத் தோள்பட்டை கழன்றுவிடும் போல வலிக்கும், வலி என்று சொல்லவும் வாய் வராது, கண்ணில் தண்ணீர்தான் வரும். அந்தக் கார் குலுங்காமல் போகும். அதுவும் அவர் உயிரைக் காப்பாற்றிய கார். எனக்குத்தான் வேண்டும் என்றேன். அக்கா சாவியைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, சரிம்மா என்றார். டேஷ்போர்டில் அவர் ஒட்டியிருந்த மாதா படத்தைக்கூட நான் எடுக்கவில்லை.

மூன்றாவது வாரம் அந்தச் சத்தம் கேட்டது. பாலக்கரையில் இடது பக்கம் திரும்பும்போது கீழேயிருந்து நறநறவென்று, தூக்கத்தில் ஆள் பல் கடிக்கிற மாதிரி. வண்டி நேரானதும் அடங்கிவிட்டது. பெட்ரோல் வண்டியாக இருந்திருந்தால் இன்ஜின் இரைச்சலில் அமுங்கியிருக்கும். கரண்டு வண்டிக்குச் சொந்தமாகச் சத்தமே கிடையாது, அதனால் மற்றதெல்லாம் காதில் விழும். பின்சீட்டில் தண்ணீர் பாட்டில் உருள்வது கேட்கும், பக்கத்தில் இருப்பவர் மூச்சு விடுவது கேட்கும். என் வீட்டுக்காரர் அந்தச் சத்தம் வரும்போது கண்ணை மூடிக்கொள்வார். ஒரு வாரத்தில் அது எல்லா இடது திருப்பத்திலும் வர ஆரம்பித்தது.

காது இருக்கிறதே, நானே கண்டுபிடித்துவிடலாம் என்று இறங்கினேன். பேட்டைக்குப் பின்னால் உடைசல் கொட்டும் பொட்டல் இருக்கிறது. அங்கே வண்டியைக் கொண்டுபோய் வலது பக்கமாக வட்டம் அடித்தேன், சத்தம் இல்லை. இடது பக்கமாக வட்டம் அடித்தேன், நறநற. பிரேக்கை மிதித்துக்கொண்டே அடித்தேன், விட்டுவிட்டு அடித்தேன், எந்த வித்தியாசமும் இல்லை. அப்படியானால் பிரேக் இல்லை. வேகம் கூட்டினால் சத்தமும் கூடியது. அப்படியானால் சுற்றுகிற ஏதோ ஒன்று. இதுவரைக்கும் நான் சரியாகத்தான் யோசித்தேன். இடது பக்கம் திரும்பினால் வருகிறது, அதனால் இடது முன் சக்கரம்தான் என்று முடிவு கட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் நல்ல கையை நீட்டி என் காலடியைக் காட்டினார். "ஒன்... பக்கம்" என்றார். "நீங்க சும்மா இருங்க, எனக்குத் தெரியும்" என்றேன். பேச்சு சரியில்லாதவர் காதும் சரியில்லாதவர் என்று எனக்குள் எப்போது முடிவு பண்ணிக்கொண்டேனோ தெரியவில்லை. அதற்கு இன்னும் வெட்கப்படுகிறேன்.

கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டேன். தேதி கிடைக்கப் பதினைந்து நாள் ஆகும் என்றார்கள். கடலூர் ரோட்டில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். அவர் பானெட்டைத் திறக்கவே மாட்டேன் என்றார். "கரண்டு வண்டிம்மா, தூக்கி அடிச்சிடும். எனக்குப் புள்ளகுட்டி இருக்குது" என்றார். நாட்டுக்கே ஃபியூஸ் கட்டையும் இன்சுலேட்டரும் செய்து அனுப்புகிற ஊரில், கரண்டுக்குப் பயந்து ஒருவர் பத்தடி தள்ளி நின்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கடைசியில் பெண்ணாடம் ரோட்டில் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் டிரெய்லர்களுக்குச் சக்கர வேலை பார்ப்பவர், நாற்பது வயது இருக்கும். நான் போனபோது ஒரு டிரெய்லருக்கு அடியில் படுத்திருந்தார். கரண்டு வண்டி என்று தயங்கிச் சொன்னேன். "ஆரஞ்சு கலர் ஒயர தொடாம இருந்தா ஒண்ணும் ஆவாதும்மா. சக்கரம் எல்லா வண்டிக்கும் சக்கரந்தான்" என்று எழுந்து வந்தார். எனக்கு அவரை உடனே பிடித்துப்போனது.

இடது சக்கரம்தான் என்று நான் அடித்துச் சொன்னேன். அவரும் மறுக்காமல் இடது பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கினார். சக்கரத்தின் மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து ஆட்டினார், அசையவில்லை. சுற்றிவிட்டார், சத்தமில்லாமல் சுற்றியது. "பாருங்கம்மா, நீங்க இடது பக்கம் திருப்புனா வண்டி வலது பக்கமா சாயும். பாரமெல்லாம் வலது வீலு மேல எறங்கும். வலி அங்க இருந்தா அப்பதான் கத்தும்" என்றார். பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற யாருக்கும் தெரிந்த விஷயம். எனக்குத் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் காரிலிருந்தபடி என்னைப் பார்த்தார்.

வலது பக்கம், நான் உட்கார்ந்து ஓட்டுகிற பக்கம், தூக்கினார். ஆட்டியதும் டக் டக்கென்று சக்கரம் ஆடியது. என் கையை எடுத்து உள்ளே இருந்த ஸ்பிரிங் மேல் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். ஸ்பிரிங் வழியாக நறுநறுவென்று உள்ளங்கையில் ஏறியது. பிசைந்த களிமண்ணில் மணல் கலந்திருந்தால் விரலுக்குத் தெரியும், அதே மாதிரி. "வீல் பேரிங் போயிடுச்சு. பேட்டரி வண்டி பாரம் ஜாஸ்தி, குழியில எறங்கி எறங்கி அடி வாங்கியிருக்குது" என்றார். ஓட்டலாமா என்று கேட்டேன். "இப்பிடியே ஓட்டியிருந்தீங்கன்னா ஒரு நாளு வீலு சிக்கிக்கும், இல்ல கையோட வந்துடும்" என்றார். பக்கத்தில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார். ஒரு காலை ஊன்றி எட்டிக் குதிக்கக்கூட முடியாத மனுஷர்.

அதன்பிறகுதான் அது நடந்தது. சக்கரத்தைக் கழற்றி நடுவில் இருந்த பெரிய நட்டைத் துடைத்தவர் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். நட்டின் குறுக்கே மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இருந்தது. "இது என் கோடும்மா" என்றார். தான் கழற்றி மாட்டுகிற எந்த நட்டுக்கும் அப்படி ஒரு கோடு போட்டு அனுப்புவாராம், தானாகக் கழன்றால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும் என்று. காருக்குள் எட்டி மாதா படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கண்ணாடி போட்ட ஒரு அம்மா கொண்டாந்தாங்க, மார்கழியில. பேரிங் மாத்தணும்னு சொன்னேன். வண்டிய விக்கப் போறேன், இப்பத்திக்குச் சத்தம் அடங்குனா போதும்னாங்க. வேணாம்மான்னுதான் சொன்னேன். கேக்கல. பேரிங் மூடியத் தூக்கி கிரீஸ அடைச்சு அனுப்பிச்சேன். வாங்குறவங்ககிட்ட சொல்லிடுங்கம்மான்னும் சொன்னேன். ஒங்ககிட்ட சொல்லலியா?"

இல்லை என்று தலையாட்டினேன். "தெரிஞ்சவங்களா?" என்று கேட்டார். தெரிஞ்சவங்கதான் என்றேன். வேறு யாராவது செய்திருந்தால் அங்கேயே நின்று நாலு வார்த்தை கெட்டதாகத் திட்டியிருப்பேன், எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. இப்போதுகூடப் பாருங்கள், அக்காவை வந்தார் போனார் என்றுதான் எழுதுகிறேன். மரியாதையைக் குறைக்கக் கை வரமாட்டேன் என்கிறது.

பேரிங் பாண்டியிலிருந்து பஸ்ஸில் பார்சலாக வந்தது. மறுநாள் மெக்கானிக் பழையதைப் பிரஸ்ஸில் வைத்து அழுத்தி வெளியே தள்ளி, புதியதை அதே மாதிரி அழுத்தி ஏற்றினார். பழைய பேரிங்கை என் கையில் கொடுத்தார். உள்ளே குண்டுகள் ஓடுகிற பள்ளம் சொறிபிடித்தது போல் அரித்துக் கிடந்தது. அந்தப் பள்ளம் முழுக்கப் பச்சை கிரீஸ் அப்பியிருந்தது. ஓட்டிப் பார்த்தேன், இடது பக்கம் திருப்பினேன், ஒரு சத்தமும் இல்லை. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

சத்தம் நின்றதும் யோசனை ஆரம்பித்தது. வாங்குவதற்கு முன் அக்கா தானே ஓட்டிக் காட்டினார். பேட்டையைச் சுற்றி ஒரு ரவுண்டு, திரும்பியதெல்லாம் வலது பக்கம். இறங்குகிற வரைக்கும் மாதா பாட்டு சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பிடிக்கும் என்று போட்டதாக நினைத்தேன்.

இரண்டு நாள் பொறுத்து, பழைய பேரிங்கை நியூஸ் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு அக்கா ஷெட்டுக்குப் போனேன். அவர் ஈரப் பஞ்சால் இன்னும் வேகாத பச்சைப் பொம்மைகளின் ஓரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேஜைமேல் வைத்துப் பேப்பரைப் பிரித்தேன். இது என்ன என்று அவர் கேட்கவில்லை.

"எப்ப மாத்துன?" என்றார்.

"முந்தாநேத்து. உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

"சொன்னேனே. சாவி குடுக்கறப்ப சொன்னேன். நல்லா தட்டிப் பாத்து எடுத்துக்கம்மான்னு சொல்லல?"

பேட்டைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது புரியாது. வெளியூர் வியாபாரி சரக்கு எடுக்க வந்தால், தட்டிப் பார்த்து எடுத்துக்கோங்க என்று ஒரு வார்த்தை சொல்வோம். அதைச் சொல்லிவிட்டால் பொறுப்பு வாங்குகிறவன் தலையில். லாரி ஏற்றியபிறகு விரிசல் என்று வந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். விற்கிறவனுக்குத் தன் சரக்கில் சந்தேகம் இருந்தால் அந்த வார்த்தையை மறக்காமல் சொல்வான். ஆனால் ஷெட்டுக்கு ஷெட் கொடுத்து வாங்கும்போது அதைச் சொல்வதே அவமானம். அக்கா என்னிடம் அதுவரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சாவி கொடுக்கும்போது சிரித்துக்கொண்டே சொன்னார். அடடா, காரைப்போய்த் தட்டிப் பார்க்கச் சொல்கிறாரே என்று நானும் சிரித்துக்கொண்டு, பானெட்டை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, "கிண்ணுன்னு இருக்குதுக்கா" என்றேன். அவரும் சிரித்தார்.

"வெளாட்டுக்குச் சொன்னீங்கன்னு நெனச்சேன்க்கா. அவர ஒக்கார வச்சுக்கிட்டுப் போற வண்டி அது. யாருக்காக வாங்குறேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அக்கா பஞ்சைத் தண்ணீரில் போட்டார். கொஞ்ச நேரம் அதையே பிழிந்துகொண்டிருந்தார். "செலவு என்னாச்சுன்னு சொல்லு, குடுத்துடுறேன்" என்றார்.

"அதுக்கு வரலக்கா."

"என்னா சொல்லச் சொல்ற? வேற யாருக்காச்சும் குடுத்திருந்தா மறுநாளே வந்து வாசல்ல நின்னு கத்துவாங்க. ஒனக்குன்னா நீ ஒண்ணும் சொல்ல மாட்டன்னு நெனச்சேன். அன்னிக்கு நான் ஓடி வந்தத நெனச்சாவது பொறுத்துப்பன்னு நெனச்சேன்."

பேரிங் எனக்குப் பெரிதில்லை. மறந்துட்டேன்மா என்று ஒரு பொய் சொல்லியிருந்தால்கூட நம்பியிருப்பேன், நம்ப ஆசையாகத்தான் போனேன். வாங்குவதற்கு ஊரில் எத்தனையோ பேர் இருக்க, நானே வந்து கேட்டதும், வாய் திறக்க முடியாத ஆள் என்று பார்த்துத்தான் சரி சொன்னார் என்பதுதான் தாங்க முடியவில்லை. பாண்டிச்சேரி வரைக்கும் அவர் ஓட்டியதை நான் தெய்வம் செய்த காரியமாக வைத்திருந்தேன். அவர் அதை என் வாய்க்குப் பூட்டாக வைத்திருந்திருக்கிறார். பேரிங்கை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு சூளையில் இடம் இருக்கிறதா என்று அவர் கேட்டு அனுப்பவில்லை, நானும் கேட்கவில்லை. மேல்தட்டு காலியாகவே சூளை எரிந்தது. என் வீட்டுக்காரருக்கு இது பிடிக்கவில்லை. சாப்பிடும்போது ஒரு நாள், "அவங்க... இல்லன்னா... நான் இல்ல. விடு" என்றார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நாளாகியிருந்தது. உங்களைக் காப்பாற்றியதும் அவர்தான், அந்தச் சக்கரத்துக்கு மேல் உங்களை உட்கார வைத்ததும் அவர்தான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? ஆனால் அந்த மனுஷர் அவ்வளவு சிரமப்பட்டுச் சொன்ன வார்த்தை மனசில் கிடந்தது.

போன வாரம் அவரைப் பிசியோதெரபியில் விட்டுவிட்டுத் திரும்பும்போது, ஜங்ஷன் ரோட்டில் அக்கா வெயிலில் ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார். கையில் கனமான பை. என் வீட்டுக்காரர் சொன்னதற்காகத்தான் நிறுத்தினேன். கதவைத் திறந்துவிட்டேன். அக்கா ஒரு நொடி தயங்கிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

பையைக் காலடியில் வைத்தார். பிறகு கண் ஆப்பரேஷன் பற்றி, கம்மாபுரத்தில் இருக்கும் அவர் தங்கை பற்றி மெதுவாகப் பேச ஆரம்பித்தார். குரல் பழைய குரல்தான். வலது பக்கம் திரும்பினேன், பேசிக்கொண்டே வந்தார். எனக்கும் மனசு கொஞ்சம் இளகியது, அதைச் சொல்ல வேண்டும். டீக்கு இறங்கலாம் என்றுகூட நினைத்தேன். அப்புறம் இடது பக்கம் திருப்ப இண்டிகேட்டர் போட்டேன்.

அக்கா பேச்சை நிறுத்தினார். இரண்டு கையாலும் சீட் பெல்ட்டை இறுக்கிப் பிடித்தார், கால் இரண்டையும் தரையில் ஊன்றிக்கொண்டார். சக்கரம் இன்னும் திரும்பவே இல்லை. வண்டி சத்தமில்லாமல் திரும்பி நேரானதும் மூச்சை விட்டார், கையைத் தளர்த்தினார், தங்கை பற்றி விட்ட இடத்திலிருந்து பேசினார். அவர் தெருவுக்குள் நுழைய இன்னொரு இடது திருப்பம். மறுபடியும் பேச்சு நின்றது, மறுபடியும் இரண்டு கை. அந்த உடம்புக்கு அந்தப் பயம் அவ்வளவு பழகியிருந்தது. அந்த வண்டி தன்னைக் கொன்றுவிடும் என்று எத்தனை நாள் பயந்து பயந்து ஓட்டியிருக்கிறார். விற்றதற்கு அந்தப் பயம்தான் காரணம், புரை எல்லாம் அதற்கப்புறம்தான். அவ்வளவு பயந்த வண்டியைத்தான் சிரித்துக்கொண்டே என் கையில் கொடுத்தார்.

அவர் வீட்டு வாசலில் நிறுத்தினேன். அக்கா இறங்கிப் பையை எடுத்துக்கொண்டு, கதவைப் பிடித்தபடி குனிந்தார். "எறங்கி ஒரு டீ குடிச்சிட்டுப் போம்மா" என்றார்.

"இல்லக்கா, போறேன்" என்றேன்.

எங்கள் பக்கம் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். போயிட்டு வரேன் என்றுதான் சொல்வோம். இருபது வருஷமாக அந்த வாசலில் தினமும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். அக்கா மிச்ச வார்த்தைக்காகக் கதவைச் சாத்தாமல் நின்றார். நான் எட்டிக் கையை நீட்டி, கதவை உள்ளிருந்து இழுத்துச் சாத்தினேன்.